மொட்டக்கூம்பு இறங்கிய பங்குனி

அந்த வருசம் மார்கழியில், தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற கரட்டூத்து என்ற ஊருக்கு மேலே நிற்கும் மொட்டக்கூம்பு மலையில் ஐஸ் விழுந்தது. பஞ்சு மூட்டைகளை வானத்தில் வைத்துப் பிரித்து உதறியது மாதிரி விடிய விடிய விழுந்து, ஏலத்தோட்டங்களை மூடி, பாறைகளை மூடி, தோட்டத்துக்கு ஜீப் போகிற தடத்தை மூடி, கடைசியில் ஊரில் மலையை ஒட்டியிருக்கும் ஓடைத்தெருவின் தலைமாட்டில் இருக்கிற வாய்க்கால் வரைக்கும் வந்து, அங்கே யாரோ கோடு கிழித்துவிட்டது மாதிரி நின்றுகொண்டது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சட்டை நனைய வேர்த்தது. அந்தப் பக்கம் காலை வைத்தால் மூச்சு புகையாய் வந்தது.

ஊர் முதலில் பயந்தது, அப்புறம் தொட்டுப் பார்த்தது, பொங்கல் வருவதற்குள் பழகியும் போனது. பால்காரர்கள் கேனை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புதைத்து வைத்து மறுநாள் எடுத்தார்கள். மீன் வண்டிக்காரர்கள் கம்பம் டவுனில் ஐஸ் கட்டி வாங்குவதை விட்டுவிட்டு இங்கே வந்து மம்பட்டியால் வெட்டிப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு போனார்கள். ஏலக்காய் எடுக்கிற வேலை நின்றுபோன பெண்கள் ஐஸ் வெட்டும் வேலைக்குப் போனார்கள். தையல்காரர் உரச்சாக்கில் அவர்களுக்கு முழங்கால் வரை உறை தைத்துக் கொடுத்தார். கூரையில்லாத மேட்டுக்கோயில் முழுக்கப் புதைந்துவிட்டதால் பூசாரி மேலே நின்றபடியே சாமி தலைக்கு நேராகப் பள்ளம் தோண்டி, மாலையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். சாமியும் வாங்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் ஐஸில் உருண்டு படம் எடுத்துக்கொண்டு, கரட்டூத்தில் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், வீடு ஐஸ் பக்கமா ரோட்டுப் பக்கமா என்று கேட்கிற வழக்கம் தை மாதத்துக்குள் வந்துவிட்டது. அது ஏன் விழுந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், மழைக்குக் காரணம் கேட்டுவிட்டா குடை பிடிக்கிறோம் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

ஓடைத்தெருவில் சீலமுத்து ஒருவர்தான் அதை ஐஸ் என்று சொல்லவில்லை. பட்டாளத்து இந்தியில் பரஃப் என்றார். பட்டாளத்தில் இருந்த காலத்தில் பாதியை வடக்கே பனிமலைகளில் கழித்து, இடது காலில் இரண்டு விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்து, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். தடம் மூடிப்போனதில் ஜீப் வாசலில் நின்றது. ஊரே மலையைப் பார்த்துச் சிரித்தபோது அவர் மட்டும் அதைப் பார்த்துச் சிரிக்காததற்குக் காரணம், கூடாரத்தோடு கூட்டாளிகளை மூடிக்கொண்ட ஒரு சரிவை இரும்புக் கம்பியால் குத்திக் குத்தித் தேடியவர்களில் அவரும் ஒருவர் என்பதுதான். அது விழும்போது யாரையும் கொல்வதில்லை என்பதும், வெயில் ஏறும்போது இறங்கித்தான் கொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமல் தை மாதத்தைக் கடத்தினார். மாசி பிறந்து, பகலில் ஓட்டின் மேல் காக்கை உட்கார முடியாத வெயில் அடிக்கத் தொடங்கியதும், மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் விடியலில் மலையேற ஆரம்பித்தார்.

பஞ்சாயத்துத் தலைவி காமுத்தாய் ஒரு நாள் பின்னாலேயே ஏறி வந்தார். சீலமுத்துவுக்குத் தங்கை முறை. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, சாக்கு உறை மாட்டியிருந்தார்.

"என்னண்ணே, தெனமும் வந்து குழி தோண்டுறீகளாமே. புதையலா?"

"இங்கன வந்து பாரு தாயி."

தன் இடுப்பளவு தோண்டியிருந்த குழிக்குள் அவரை இறக்கி, வெட்டின சுவரைக் காட்டினார் சீலமுத்து.

"அடுக்கடுக்கா இருக்குல்ல? மேல இருக்குறது நேத்து வெயில்ல எளகி ராவுல எறுகுனது. கைய வச்சாத் தகரம் மாதிரி இருக்கும். அதுக்குக் கீழ சீனி மாதிரி உதிருது பாரு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே ஒட்டாது. இப்ப அடியில கைய விடு."

காமுத்தாய் பாறையோடு பாறையாகக் கையை நுழைத்தார். விரல்களுக்கிடையில் தண்ணீர் ஓடியது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"எண்ணெ தடவுன வாழையிலையில மாவ வச்சுச் சாய்ச்சுப் பிடிச்ச மாதிரி நிக்கிது இந்த மலை. கீழ நம்ம தெரு."

"எப்பண்ணே இறங்கும்?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குத் தாயி தெனமும் ஏறுறேன்?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி சீலமுத்துவைப் பிடித்துக்கொண்டது. பல் விளக்கும்போது பக்கத்து வீட்டில் கேட்டார்கள், ரேசன் கடை வரிசையில் கேட்டார்கள், இழவு வீட்டில் பாடைக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் ஒருவர் குனிந்து கேட்டார்: இன்னைக்கு வருமா? வரலாம் என்று சொன்னால் முகத்தைச் சுளித்தார்கள். வராமலும் போகலாம் என்று சொன்னால், இதைச் சொல்ல மலையேறணுமாக்கும் என்றார்கள்.

மாசிப் பாதியில் சரிவின் தலையில் ஒரு வெடிப்பைப் பார்த்தார். கை நுழைகிற அகலம். மத்தியானம் பார்த்தபோது ஆள் நுழைகிற அகலம். ஓடிவந்து காமுத்தாயிடம் சொல்ல, பஞ்சாயத்து மைக்செட்டில் காமுத்தாயே பேசினார். ஓடைத்தெருவில் இருந்த எல்லாரும் கட்டின துணியோடு பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்துக்குப் போய், அங்கே கொசுக்கடியில் படுத்து, விடிந்தால் வருமென்று காத்து, அந்தி மங்கினால் வருமென்று காத்து, ஒன்றும் வராமல் திரும்பி வந்தார்கள். ஆடுகள் அவரைக்கொடியை மேய்ந்திருந்தன. பறிக்காத மல்லிகை செடியிலேயே பூத்துக் கொட்டியிருந்தது. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை அவர் சொன்னபோது பாதித் தெருதான் போனது. அன்றைக்கும் வரவில்லை, ஒரு தூறல் மட்டும் போட்டது. போகாமல் வீட்டில் இருந்தவர்கள் திரும்பி வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள், திரும்பி வந்தவர்கள் சீலமுத்துவைப் பார்த்தார்கள். ஐஸ் வெட்டும் வேலைக்கு ஆள் வைத்திருந்த மொக்கராசு, அவருக்கு மருமகன் முறை, தெருமுனையில் வைத்துச் சொன்னான்:

"மாமா, ஒங்க பரஃபு நம்ம ஊரு மினி பஸ்ஸு மாதிரி. வருது வருதுங்குறீக, வரக் காணோம்."

"வராம இருந்தா சந்தோசப்படு மாப்ள."

"சந்தோசம்தேன். ஆனா என் பொழப்பு போச்சுல்ல."

அவனிடம் வேலை செய்கிற பெண்கள் தனக்கு முகம் கொடுக்காமல் போவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். இமாச்சலத்திலிருந்து பனிச்சரிவு பார்க்கிற ஓர் அம்மாவை வரவழைத்தார்கள். யாங்சென் என்று பெயர். கன்னம் வெயிலில் காய்ந்து வெடித்த, அதிகம் பேசாத பெண். சீலமுத்துவும் அவரும் மலையில் ஒரு காலைப்பொழுது முழுக்கக் குழி தோண்டினார்கள், அளந்தார்கள், உருண்டை பிடித்துப் பிழிந்தார்கள். பல வருசம் கழித்து இந்தி பேசியதில் சீலமுத்துவுக்கு நாக்கு வலித்தது. குழி விளிம்பில் உட்கார்ந்து அவர் கேட்டார்:

"நீங்களே சொல்லுங்க மேடம். நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

"எங்கயும் இல்ல. ரெண்டு தடவையும் நானா இருந்தாலும் கிளம்பத்தான் சொல்லியிருப்பேன்."

"ஊரு நம்ப மாட்டேங்குதே."

"எங்க ஊர்ல மட்டும் நம்புறாங்களா? நான் போய்ச் சொன்னா எங்க அண்ணன் டீயைக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பாரு." யாங்சென் கையுறையைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எந்த நாள்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா வெயில் காலத்துல எந்த நேரம்னு ஓரளவு சொல்லலாம், உங்களுக்கே தெரியும். ராத்திரி எறுகிக்கிட்டா காலையில அசையாது. வெயில் ஏறினப்புறம்தான் ஆபத்து. ராத்திரி எறுகலைன்னா, அன்னைக்கு எந்த நேரமும் நம்பக் கூடாது."

கீழே இறங்கியதும் அதைச் சீலமுத்து காமுத்தாய்க்குத் தமிழில் சொன்னார். காமுத்தாய் கொஞ்ச நேரம் மலையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப ஒண்ணு செய்வோமாண்ணே. இன்னைக்கு வருமா நாளைக்கு வருமான்னு ஒங்களக் கேக்குறதையே விட்டுருவோம். தெனமும் வருதுன்னே வச்சுக்குவோம். வெயில் ஏறுனா வீட்ட விட்டுப் போயிருவோம், பொழுது சாஞ்சு குளுந்தா வந்துருவோம். கரையிற வரைக்கும்."

"தெனமுமா?"

"தெனமுந்தேன்."

இப்படித்தான் ஓடைத்தெரு பங்குனி மாதத்தைப் பகலில் ஒரு இடத்திலும் இரவில் ஒரு இடத்திலும் வாழ ஆரம்பித்தது. தெருவுக்குக் கீழே ஓடுகிற ஆற்றுக்கு அக்கரையில், மேட்டில், ஒரு பெரிய புளியந்தோப்பு. காலை வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் தெரு முழுக்கக் கிளம்பி, கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு, கோழியைக் கூடையில் கவிழ்த்துக்கொண்டு, கிழவர்களைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு, தையல் மிசினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, உலையில் கொதிக்கிற சோற்றைப் பானையோடு பிடிதுணி போட்டுத் தூக்கிக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் படித்துக்கொண்டே நடக்க, பாலம் ஏறி அக்கரைக்குப் போனது. போய்ப் புளியமரத்து நிழலில் அவரவர் வீடு எந்த மரம் என்று பாத்தியப்படுத்திக்கொண்டு சமைத்தது, சண்டை போட்டது, பஞ்சாயத்துப் பேசியது, ஒரு கல்யாணத்தை நடத்தியது, ஒரு குழந்தையைப் பெற்றது. பொழுது சாய்ந்து மலையிலிருந்து குளிர் இறங்கியதும் எல்லாவற்றையும் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தது. புளிய நிழலில் பிறந்த குழந்தைக்கு இரண்டு தொட்டில் கட்டினார்கள், வீட்டில் ஒன்று, தோப்பில் ஒன்று. தபால்காரர் காலையில் வந்தால் தெருவிலும் மத்தியானம் வந்தால் மரத்தடியிலும் கடிதம் கொடுத்தார். நாய்கள் முதலில் குழம்பின. பிறகு மனிதர்களுக்கு முன்னால் அவையே பாலம் ஏறி அக்கரையில் போய் நின்றன.

ஆனால் பழக்கம் ஆனதே தவிர, பாரம் குறையவில்லை. ஒவ்வொரு நாளும் கட்டில் கொஞ்சம் கனம் கூடியது, பாலம் கொஞ்சம் நீளம் கூடியது. எல்லாரையும்விடக் களைத்தவர் சீலமுத்து. ஊர் எழும் முன்னால் மலையேறி, ராத்திரி இறுகிய மேல் ஓடு தன் எடையைத் தாங்குகிறதா என்று ஒவ்வோர் அடியாக மிதித்துப் பார்த்து, இறங்கி வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டு, மறந்து போன மருந்துக்கும் தப்பித்த கோழிக்கும் திரும்ப ஓடி, கடைசி ஆளாகப் பாலம் ஏறி, அக்கரையில் உட்கார்ந்தும் கண்ணை மூடாமல் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடினால் அந்த நேரத்தில் இறங்கிவிடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி பேச்சியம்மா தட்டை எடுத்துக் கழுவி வைப்பாள்.

பங்குனி பாதி கடந்த ஒரு நாள், மேகம் மூடிப் புழுங்கிய இரவுக்குப் பிறகு, சீலமுத்து வாய்க்காலைத் தாண்டி முதல் அடி வைத்தார். கால் முழங்கால் வரை புதைந்தது. இரண்டாவது அடியும் அப்படியே. தகரம் மாதிரி இருக்க வேண்டியது, கூழ் மாதிரி இருந்தது. மேலே சரிவிலிருந்து தானாகவே சின்னச் சின்ன உருண்டைகள் கழன்று, உருள உருளப் பெருத்து, அவர் பக்கத்தில் வந்து விழுந்தன. அவர் அதற்கு மேல் ஏறவில்லை.

"இன்னைக்குக் கஞ்சி குடிக்க வேணாம். இப்பவே கெளம்புங்க," என்று வீடு வீடாகச் சொன்னார். அவர் சொன்னதற்காக என்றில்லாமல், தினமும் கிளம்புகிற பழக்கத்தில் தெரு கிளம்பியது. மொக்கராசுகூட முனகிக்கொண்டே கட்டிலைத் தூக்கினான். கடைசி ஆளும் பாலம் ஏறியதும் தானும் ஏறி, அக்கரையில் தங்கள் மரத்தடிக்கு வந்தார். அடுப்பு இல்லை. கட்டில் இல்லை. பேச்சியம்மா இல்லை.

திரும்பி நடந்தார். ஓட வேண்டும் என்று தெரிந்தும் நடக்கத்தான் முடிந்தது. வீட்டில் பேச்சியம்மா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். முழங்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏய், எந்திரி. இன்னைக்கு எறுகல."

"நான் வரல."

"விளையாடாத பேச்சி."

"வெளையாடுறேனா? ஏய்யா, இந்தத் தெருவுல ஒவ்வொரு வாசலாப் போயி நின்னு கூப்புடுற. மொக்கராசக் கூப்புடுற, அவன் நாயக் கூப்புடுற. இத்தன நாள்ல ஒரு நாளாச்சும் எங்கிட்ட வந்து, பேச்சி, வா போவோம்னு சொல்லியிருக்கியா?"

சீலமுத்து யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லை. அவள் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு தானாக வந்துவிடுவாள் என்றே இருந்திருக்கிறார்.

"இப்பக் கூப்புடுறேன். வா."

"இப்ப என்னால எந்திரிக்க முடியல. நெசமா முடியல. நீ போ."

அவர் அவளைத் தூக்கப் பார்த்தார். அவள் தோளைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் எழுப்ப முடிந்தது, அதற்கு மேல் கையில் தெம்பில்லை. அவளை மெதுவாகத் திரும்பப் படுக்க வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பின்பக்கம் மலையில் தொம் என்று ஒரு சத்தம் கேட்டது, பெரிய நெல்மூட்டையைத் தரையில் போட்டது மாதிரி. இரண்டு பேருமே அதைக் கேட்டார்கள்.

"போய்யா," என்றாள் பேச்சியம்மா.

"செத்த நேரம் இரு. மூச்சு வாங்கிக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டே அவர் அவள் பக்கத்தில் சாய்ந்தார். அந்த மாதத்தில் முதல்முறையாக முதுகு நிம்மதியாகக் கட்டிலில் படிந்தது. எழ வேண்டும் என்ற நினைப்பு இருந்தது, எழுகிற ஆள்தான் இல்லை. அவள் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை. காமுத்தாய் முன்னால், பின்னால் மொக்கராசு, அவனுக்குப் பின்னால் தையல்காரர், பூசாரி, ஐஸ் வெட்டும் பெண்கள், நடக்கத் தெம்புள்ள எல்லாரும். பாலம் ஏறிப் போனவர்கள், அவர் தனியாகத் திரும்பி நடந்ததைப் பார்த்துவிட்டு, பாலம் ஏறித் திரும்பி வந்திருந்தார்கள்.

"யாரு ஒங்கள வரச் சொன்னது?" சீலமுத்து பாதி எழுந்து கத்தினார். "போங்க! கூறுகெட்டுப் போச்சா? மேல சத்தம் கேக்கல?"

"கேட்டுச்சு," என்றான் மொக்கராசு. அவன் முகம் வெளுத்திருந்தது. "நீங்க வந்தாப் போவோம். வரலைன்னா இங்கனதேன் நிப்போம்."

"மதினி, செத்தப் பிடிச்சுக்கங்க," என்றார் காமுத்தாய். "கட்டிலோட தூக்குறோம்."

"என் அடுப்பு," என்றாள் பேச்சியம்மா.

"அடுப்பயும் எடுங்கப்பா."

கட்டிலை நாலு பேர் தூக்கினார்கள். சீலமுத்துவின் கக்கத்தில் மொக்கராசு தோளைக் கொடுத்தான். யாரும் ஓடவில்லை, ஓடினால் கட்டில் சாயும். தங்கள் தங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் வாசலில் காய்ந்த துணியைக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். பாலத்தில் ஏறினார்கள், இறங்கினார்கள், மேட்டில் ஏறினார்கள், புளியமரத்தடியில் கட்டிலை வைத்தார்கள்.

சீலமுத்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மலையைப் பார்க்கத் திரும்ப வேண்டும் என்று நினைத்தார். திரும்புவதற்குள் தலை சரிந்து, புழுதியில் அப்படியே ஒருக்களித்துப் படுத்து, வாய் திறந்து தூங்கிப்போனார்.

அவர் தூங்கிய கொஞ்ச நேரத்தில் மொட்டக்கூம்பு இறங்கியது. இடி மாதிரி இல்லை. டிப்பர் லாரி ஜல்லி கொட்டுகிற சத்தம் தொடங்கி, நிற்கவே நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது மாதிரி இருந்தது. மலையின் ஒரு பக்கம் முழுவதும் கழன்று, ஈரச் சிமெண்டு வழிகிற மாதிரி வழிந்து, மரங்களை வேரோடு மேலே மிதக்கவிட்டுக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி, ஓடைத்தெருவுக்குள் தலைமாட்டு வழியாக நுழைந்து, ஓடுகளை, சுவர்களை, சீலமுத்துவின் ஜீப்பை, மொக்கராசின் ஐஸ் பெட்டிகளை, வீட்டுக்குள் கட்டியிருந்த தொட்டிலை எல்லாம் சேர்த்து உருட்டிக்கொண்டு ஆற்றங்கரை வரை வந்து, பாலத்தின் அந்தப் பக்கத்தில் நின்றது. ஆற்றைத் தாண்டிக் குளிர்ந்த காற்று ஒன்று வீசி, தோப்பிலிருந்த எல்லார் மேலும் பூந்தூறல் தெளித்தது.

அப்புறம் மலையில் பாறை தெரிந்தது. தெரு இருந்த இடத்தில் தெரு இல்லை.

மொக்கராசு நெஞ்சில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். பேச்சியம்மா கட்டிலில் இருந்தபடியே அவனைப் பார்த்துக் கையை ஆட்டி, தரையில் கிடப்பவரைக் காட்டினாள். அவன் அடித்த கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டான். அழ ஆரம்பித்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். ரோட்டுப் பக்கத் தெருக்களிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தவர்களைக் காமுத்தாய் மேட்டுக்குக் கீழேயே இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தினார்.

"எல்லாரும் இருக்கோம். மெதுவாப் பேசுங்க. அண்ணன் தூங்குறாரு."

பேச்சியம்மா கட்டிலிலிருந்து ஒரு கையை இறக்கி, அவர் நெற்றியிலும் கன்னத்திலும் விழுந்திருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அவர் அசையவில்லை. வீட்டை இழந்த தெரு முழுவதும், அவர் எழுந்தபிறகு அழுதுகொள்ளலாம் என்பது போல, அவரைச் சுற்றிச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மரத்தில் கட்டிய தொட்டிலில் கைக்குழந்தை சிணுங்கியது. அதன் தாய் அதைத் தூக்கி மாராப்புக்குள் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.